கலைச்சொல்: ஈ.டி.எல். (எகனாமிக் திரெஷோல்டு லெவல்) — ‘சேத நிலை’ போதுமா?

> ‘பொருளாதாரச் சேத நிலை’ வேளாண் நூல்களில் வேரூன்றிவிட்டது. புதுச்சொல் எதற்கு?

வேரூன்றியது உண்மைதான் ஐயா. ஆனால் ஒரே சொல் இரண்டு கருத்துகளுக்குப் புழங்குகிறது. பூச்சியால் வரும் இழப்பு மருந்துச் செலவைத் தொடும் பூச்சி எண்ணிக்கை ஈ.ஐ.எல். (எகனாமிக் இஞ்சுரி லெவல்). அந்த எண்ணிக்கையை எட்டவிடாமல் தடுக்க வேண்டுமானால் இப்போதே இறங்கியாக வேண்டும் என்கிற முந்தைய கட்டம் ஈ.டி.எல். 1959-இல் பூச்சியியலாளர் ஸ்டெர்னும் அவருடன் எழுதியவர்களும் இவற்றைப் பிரித்தேதான் வரையறுத்தார்கள்.

முன்னதற்குக் கணக்கு எளிது. ஏக்கருக்கு மருந்தும் கூலியும் 1,200 ரூபாய், நெல் கிலோ 24 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 50 கிலோவுக்குக் குறைவான இழப்புக்கு மருந்தடிப்பது கைநஷ்டம்.

பின்னதில்தான் சொல் காலை வாருகிறது. நெல்லின் தண்டைத் துளைக்கும் குருத்துப்பூச்சிக்குப் பரிந்துரை: சதுர மீட்டருக்கு 2 முட்டைக்குவியல், அல்லது 10% நடுக்குருத்து காய்தல். ‘சேத நிலை’ என்று படித்தவர் காய்ந்த குருத்தைத்தான் தேடுவார். அதற்குள் புழு தண்டுக்குள் போயிருக்கும்; தெளிக்கும் மருந்து சரியாகப் போய்ச் சேராது. டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம் முட்டை ஒட்டுண்ணி; பூச்சியின் முட்டைக்குள் வளர்ந்து அதை அழிக்கும் சிறு குளவி. புழு பொரிந்தபின் அந்த ஒட்டுண்ணி அட்டையை வயலில் கட்டிப் பயனில்லை. இலை நுனிப்பக்கம் வெளிர்பழுப்பு மயிர் போர்த்த சிறு திட்டாக ஒட்டியிருக்கும் முட்டைக்குவியலைத்தான் பார்க்க வேண்டும். மணி பிடிக்காத வெண்கதிர் வந்துவிட்டால் அந்தக் கதிர் போனதுதான்.

என் முன்மொழிவு: தடுப்பு வரம்பு.
— அண்ணாநகர்

*

> என் முன்மொழிவு: தடுப்பு வரம்பு.

‘வரம்பு’ சரி. ‘நிலை’யை விட்டது நல்லது, ‘பால் பிடிக்கும் நிலை’யில் ‘சேத நிலை’ என்று எழுதினால் எது பருவம், எது எண்ணிக்கை என்று குழம்பும். ஆனால் ‘தடுப்பு’ வேண்டாம். தடுப்பூசிபோல, பூச்சி வருமுன்னே அடித்துவைப்பது என்று பொருள் போய்விடும். இந்தக் கருத்து உருவானதே அந்தப் பழக்கத்தை நிறுத்தத்தான்.

முன்பு ஒருவர் சொன்ன ‘மருந்தடி வரம்பு’ம் ஆகாது. நெல்லின் அடித்தண்டில் சாறு உறிஞ்சும் புகையானை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு வரம்பு தூருக்கு (ஒரு கிளைத்தண்டுக்கு) 1 பூச்சி. குத்துக்கு (ஓரிடத்தில் நட்ட பயிர்க் கொத்துக்கு) 1 சிலந்தி இருந்தால் தூருக்கு 2 வரை பொறுக்கலாம். எண்ணும்போது குத்தை விலக்கி, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பார்க்க வேண்டும். இலையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வரம்பைத் தாண்டினால் முதல் வேலை வயல் நீரை வடிப்பது. அவசரப்பட்டுச் செயற்கைப் பைரித்திராய்டு வகை மருந்து அடித்தால், புகையானைத் தின்னும் சிலந்தியும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் செத்து, புகையான் முன்னைவிடப் பெருகும். வட்டவட்டமாகப் பயிர் தீய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே ‘நடவடிக்கை வரம்பு’. நீர் வடிப்பது, ஒட்டுண்ணி விடுவது, மருந்து தெளிப்பது எல்லாம் இதில் அடங்கும். சொல்லைச் சென்னையில் உட்கார்ந்து முடிவுசெய்தாலும், பயன்படுத்தப்போவது பொன்னேரியிலும் மதுராந்தகத்திலும் நவரைப் பருவ நெல் போட்டிருப்பவர். ‘நடவடிக்கை எடு’ என்பது அவர் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. ‘தலையீட்டு வரம்பு’ என்று வைத்தால் அந்த வசதி இல்லை.

ஈ.ஐ.எல்.லுக்குப் ‘பொருளாதாரச் சேத நிலை’ அப்படியே இருக்கட்டும்.

கலைச்சொல் பட்டியலில் இந்தச் சொல்லுக்கான பதிவில் பயிர்ப்பருவத்துக்கு ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். கதிர்நாவாய்ப்பூச்சிக்கு வரம்பு பூக்கும்போது 100 கதிருக்கு 5 பூச்சி, பால் பிடித்தது முதல் முற்றும்வரை 16. பருவத்தைச் சொல்லாமல் எண்ணை மட்டும் போட்டால் பதிவு தவறு. இதற்கு மறுப்பு இல்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிடலாம்.
— தாம்பரம்