புதுப்பிப்பு: நெடுநல்வாடை ஓவியங்கள்

நக்கீரரின் சங்கப் பாட்டான நெடுநல்வாடையை வைத்து, இந்த மழைக்காலம் முடிவதற்குள் 6 நீர்வண்ணப் படங்கள் வரைவதாக ஐப்பசியில் சொல்லியிருந்தேன். 4 முடிந்துவிட்டன.

மனதுக்கு நெருக்கமானது பிச்சி மொட்டுப் படம்தான். பாட்டில், மேகம் மூடிக் கிடப்பதால் பொழுது தெரியாது. தட்டில் இட்ட மொட்டு அவிழ்ந்து மணப்பதை வைத்தே மாலையென்று அறிந்து பெண்கள் விளக்கேற்றுவார்கள். 188 அடிகளில் நான் திரும்பத் திரும்பப் படித்த இடம் அது. இன்டிகோ நீலத்தோடு கொஞ்சம் பர்ன்ட் சியன்னா பழுப்பு கலந்ததும் அந்த மேகச் சாம்பல் அப்படியே வந்துவிட்டது. ஈரக் காற்றில் ஒவ்வொரு பூச்சும் காய நெடுநேரம் ஆகிறது. ஆனால் ஓரங்கள் மெல்லப் பரவுவது அவ்வளவு அழகு.

அப்புறம், புறாப் படம் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தீர்கள். இரவா பகலா என்று மயங்கி, இரை தேடவும் போகாமல் கால் மாற்றி நிற்கும் செங்கால் ஆண்புறா அது. அந்தக் கால் மட்டும் இன்னும் சரியாக வரவில்லை. மார்கழி பிறப்பதற்குள் முடித்துப் போடுகிறேன்.