கன்சர்வேட்டரிக்கு லைட் வைத்த சீலிங் ஃபேன்: எந்த மாடல்?

வணக்கம். லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். வீட்டுப் பின்பக்கம் பாலிகார்பனேட் (ஒளி புகும் பிளாஸ்டிக்) கூரை போட்ட கன்சர்வேட்டரி, அதாவது கண்ணாடிச் சுவர் வைத்த அறை, 4 மீட்டருக்கு 3 மீட்டர். வெயில் அடித்தால் மதியம் உள்ளே 38 டிகிரி வரை போகிறது. அம்மாவுக்குப் பகலெல்லாம் அங்கேதான் இருக்கை, செய்தித்தாள், செடிகள் எல்லாம். அவரை வீட்டுக்குள் வந்து உட்காரச் சொல்ல எனக்கு மனமில்லை.

சூடு தடுக்கும் ஃபிலிம் ஒட்டினோம், பிளைண்ட் போட்டோம். ஸ்டாண்ட் ஃபேன் சூடான காற்றையே திருப்பி வீசுகிறது. அப்புறம் 52 அங்குல சீலிங் ஃபேன் ஒன்றைக் கூரையின் நடு உத்தரத்தில் மாட்டிப் பார்த்தோம். இரண்டாம் வேகத்திலேயே உத்தரத்தின் பிளாஸ்டிக் உறை கடகடவென்று அதிர்ந்தது, கழற்றிவிட்டோம். உறைக்குள் இருக்கும் அலுமினியத்தில்தான் கொக்கி பிடிக்க வேண்டும், எடையும் குறைவாக இருக்க வேண்டும் என்கிறார் எலக்ட்ரீஷியன்.

உத்தரத்தின் உயரம் 2.9 மீட்டர். இறக்கை தரையிலிருந்து 2.3 மீட்டருக்குக் கீழே வரக்கூடாது. இரண்டு பக்கமும் சாய்வு என்பதால் கூரையோடு ஒட்டிய ஃபேன் சரிப்படாது, கம்பி வைத்ததுதான் வேண்டும். மாலையில் அம்மா படிக்க எல்இடி வெளிச்சமும் தேவை.

இதே மாதிரிக் கூரையில் அதிராமல் ஓடுகிற, லைட் வைத்த 42 அங்குல டிசி மோட்டார் ஃபேன் எந்த மாடல் வாங்கலாம்?