பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றியதும் கிளம்பாமல் போன கம்ப்யூட்டர்

கோவில்பட்டியில் அத்தான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. கடைக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 போட்டுத் தரும்படி அத்தான் கேட்டார். எட்டாம் தலைமுறை இன்டெல் ஐ3 என்பதால் அது ஏற்கும். பழைய 1 டிபி ஹார்ட் டிஸ்க்தான் நத்தை மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது. 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கிப் பொருத்தி, அதில் புதிதாக விண்டோஸ் போட்டேன். பழைய டிஸ்க்கை மட்டும் கழற்றவில்லை. அக்கா பிள்ளைகளின் போட்டோக்கள் எல்லாம் அதில்தான் இருந்தன, அப்புறமாகக் காப்பி செய்யலாம் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு நாள் நன்றாக ஓடியது. காப்பி முடிந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றி, கேபினெட்டை மூடிவிட்டு, மதுரை பஸ் ஏறிவிட்டேன். கழற்றிய பிறகு ஒருமுறை ஆன் செய்து பார்க்கவில்லை.

மறுநாள் காலை போன். "மாப்ளே, ஆன் பண்ணுனா ஏதோ செட்டிங் பக்கத்துலயே வந்து நிக்குது. பக்கத்துல ஒருத்தரக் கூப்பிட்டுக் காட்டுனேன். புது டிஸ்க்கே போயிருச்சு, மாத்தணுங்கிறாரு." கடையில் விண்ணப்பம் போட வந்த பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். எனக்கு அங்கே இருப்புக்கொள்ளவில்லை, அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பினேன்.

இதற்கு முன் இப்படி இரண்டு கேஸ் பார்த்திருக்கிறேன். ஒன்றில் எம்பிஆர் என்ற பழைய டிஸ்க் பிரிப்பு முறையில் விண்டோஸ் போட்டிருந்தார்கள், பயாஸிலோ (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்னால் ஓடும் செட்டிங் பக்கம்) யூஈஎஃப்ஐ என்ற புதிய பூட் முறை மட்டும் ஆனில் இருந்தது. இன்னொன்று 11-ஆம் தலைமுறை இன்டெல் லேப்டாப். விஎம்டி என்ற இன்டெல்லின் டிஸ்க் நிர்வாக வசதி ஆனில் இருந்ததால், அதற்கான டிரைவரைக் கொடுக்கும்வரை இன்ஸ்டாலருக்கு டிஸ்க்கே தெரியவில்லை. இது இரண்டிலும் சேரவில்லை, ஏனென்றால் இரண்டு நாள் ஓடிய மெஷின் இது.

பயாஸில் டிஸ்க் பட்டியலைப் பார்த்தேன். எஸ்எஸ்டியின் பெயரும் அளவும் சரியாகவே இருந்தன. அப்படியானால் டிஸ்க் போகவில்லை. ஆனால் பூட் வரிசையில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்ற வரியைக் காணோம். கேபிளை மாற்றினேன், டீஃபால்ட் செட்டிங்கை ஏற்றினேன், நம்பகமான பூட் ஃபைலை மட்டும் ஓடவிடும் செக்யூர் பூட்டை ஆஃப் செய்து பார்த்தேன். (டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருந்தால் செக்யூர் பூட்டில் கை வைத்ததுமே 48 இலக்க ரிக்கவரி கீ கேட்கலாம். அதை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.) எதற்கும் அசையவில்லை. கடைசியில், போட்டோக்களாவது பத்திரமாக இருக்கிறதா பார்க்கலாம் என்று பழைய டிஸ்க்கை மாட்டினேன். சில நொடிகளில் விண்டோஸ் 11 வந்து நின்றது!

உடனே டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்தேன். 'டிஸ்க் 0' பழையது. அதன் தலைமாட்டில் 100 எம்பியில் 'ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்' என்று ஒரு தனிப் பகுதி. 'டிஸ்க் 1' என்கிற எஸ்எஸ்டியில் சி டிரைவ் இருந்தது, ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் இல்லை.

யூஈஎஃப்ஐ சி டிரைவை நேராகப் படிக்காது. ஃபேட்32 என்ற ஃபைல் அமைப்பில் இருக்கும் அந்தச் சின்ன ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில்தான் விண்டோஸின் பூட் ஃபைலைத் தேடும். முதல் டிஸ்க்கில் ஏற்கெனவே அப்படி ஒன்று இருந்ததால், இன்ஸ்டாலர் அதையே எடுத்துக்கொண்டது, புதிதாக ஒன்றை உண்டாக்கவில்லை. புது மனையில் வீடு கட்டிவிட்டு, சாவியைப் பழைய வீட்டு ஆணியில் மாட்டிய கதை.

திரும்ப விண்டோஸ் போட வேண்டிய அவசியமே இல்லை. டிஸ்க் மேனேஜ்மென்டிலேயே சி டிரைவை 300 எம்பி சுருக்கினேன். பிறகு கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து, டிஸ்க்கைப் பிரிக்க உதவும் 'டிஸ்க்பார்ட்', அதில் 'லிஸ்ட் டிஸ்க்'. இந்த இடத்தில் அவசரப்படவே கூடாது. 931 ஜிபி காட்டுவது பழையது, 238 ஜிபி காட்டுவது எஸ்எஸ்டி. எஸ்எஸ்டிக்கு நேராக ஜிபிடி (எம்பிஆருக்குப் பிறகு வந்த பிரிப்பு முறை) பத்தியில் நட்சத்திரக் குறி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். அப்புறம் 'செலக்ட் டிஸ்க் 1', 'கிரியேட் பார்ட்டிஷன் ஈஎஃப்ஐ சைஸ்=200', 'ஃபார்மேட் குவிக் எஃப்எஸ்=ஃபேட்32', 'அசைன் லெட்டர்=எஸ்', 'எக்சிட்'. கடைசியாக, பூட் ஃபைல்களை எழுதித் தரும் பிசிடிபூட் கமாண்ட்: சி டிரைவின் விண்டோஸ் ஃபோல்டரைக் காட்டி, /எஸ் போட்டு எஸ் டிரைவ், /எஃப் போட்டு யூஈஎஃப்ஐ. பூட் ஃபைல்கள் உருவாகிவிட்டதாக ஒரே ஒரு வரி வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மூச்சே வந்தது.

பழைய டிஸ்க் கைவசம் இல்லாதவர்கள் விண்டோஸ் பென்டிரைவில் பூட் செய்து, முதல் திரையில் ஷிஃப்ட்டும் எஃப்10-ம் சேர்த்து அழுத்தினால் அதே கமாண்ட் பிராம்ப்ட் கறுப்புத் திரை வரும். சுருக்குவதையும் டிஸ்க்பார்ட்டிலேயே செய்ய வேண்டும். அங்கே டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கலாம், உங்கள் சி அங்கே டி ஆக நிற்கும். 'டிர்' போட்டு, விண்டோஸ் ஃபோல்டர் எந்த எழுத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

சாயங்காலம் பழைய டிஸ்க்கை மறுபடி கழற்றினோம். இந்தமுறை கேபினெட்டை மூடாமலே பட்டனை அழுத்தச் சொன்னேன். லாக்இன் திரை வந்ததும் அத்தான் ஒன்றும் பேசாமல் வெளியே போய், காலையில் வந்து திரும்பிப் போன பிள்ளைகளுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டு வரச் சொன்னார்.