அம்மா கிரீன் கார்டு, ஊருக்குப் போய் எட்டு மாசம் ஆச்சு

மதுரைமல்லி:
அம்மாவுக்கு கிரீன் கார்டு வந்து மூணு வருஷம், டல்லாஸ்ல எங்ககூடதான் இருந்தாங்க. ஜூலைல ஒரு கல்யாணத்துக்குன்னு மதுரை போனவங்க பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சு ஆபரேஷன் அது இதுன்னு எட்டு மாசம் ஓடிருச்சு, இன்னும் வாக்கர்தான். ரொம்ப நாள் வெளிய இருந்துட்டு திரும்பி வர்றதுக்கு ரீஎன்ட்ரி பெர்மிட்னு ஒண்ணு இருக்காமே, அவங்களுக்காக நான் இங்கருந்தே போட்டுடலாமா?

கொங்குதமிழன்:
முடியாதுங்க. அந்த பெர்மிட்டுக்கான ஃபார்ம் ஐ-131, அத போடுற அன்னைக்கு அம்மா அமெரிக்காவுக்குள்ள இருக்கணும். ஒரு வருஷம் தாண்டுறதுக்குள்ள எப்படியாவது கூட்டிட்டு வந்துருங்க, தாண்டிட்டா வெறும் கார்டை காட்டி வர முடியாது, கான்சுலேட்ல எஸ்பி-1ங்கற, திரும்பி வர்ற கிரீன் கார்டுகாரங்களுக்கான விசா கேக்கணும், அது லேசுல கிடைக்காது. வந்ததும் ஐ-131 போட்டு கைரேகை குடுத்துட்டு ஊருக்குப் போகலாம். பெர்மிட் ரெண்டு வருஷம் செல்லும், சென்னை கான்சுலேட்லயே வாங்கிக்கலாம். டிக்கெட் போடும்போதே வீல்சேர் சொல்லிடுங்க.

சும்மாஒருத்தன்:
இவ்ளோ டென்ஷன் எதுக்கு, ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்து தலைய காட்டிட்டு போனா போதும். எங்க மாமனார் அப்படித்தான், ஒண்ணும் ஆகல.

காவிரிக்கரை:
இத நம்பி எங்கப்பா மாட்டினாரு. நாலாவது தடவ வரும்போது ஏர்போர்ட்ல தனி ரூம்ல உக்கார வச்சு டிக்கெட்ட கேட்டாங்க. சென்னைல கிளம்பி மூணே வாரத்துல சென்னைக்கே திரும்புற டிக்கெட். அப்புறம் வீடு எங்கன்னு கேட்டா என்னத்த சொல்றது? கிரீன் கார்டை விட்டுக்குடுக்குற ஐ-407 ஃபார்ம நீட்டினாங்க. மனுஷன் நல்லவேளையா படிக்கிற கண்ணாடிய பெட்டில போட்டுட்டாரு, படிக்காம கையெழுத்து போடமாட்டேன்னுட்டாரு. போட்டிருந்தா அவரே கார்டை விட்டுக்குடுத்த மாதிரி, போடலன்னா ஜட்ஜ் முன்னாடி பேச உரிமை இருக்கு. அம்மாகிட்ட இத சொல்லி வைங்க. அம்மா டாக்ஸையும் நான்-ரெசிடென்ட்னு, அதாவது இங்க குடியிருக்காதவங்கன்னு, ஃபைல் பண்ணிடாதீங்க.

மதுரைமல்லி:
ரொம்ப நன்றிங்க. மே மாசம் டிக்கெட் பாக்குறேன், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் கைப்பைலயே வைக்கச் சொல்றேன். ஆனா அம்மா "அந்தக் கார்டு இல்லாட்டி பேரனை பாக்க விடமாட்டாங்களாடி"ன்னு கேக்குறாங்க.

கொங்குதமிழன்:
அவங்களுக்கு ஊர்லதான் இருக்கணும்னா தாங்களா ஐ-407 குடுத்துட்டு விசிட்டர் விசா கேக்கலாம், ஆனா கண்டிப்பா குடுப்பாங்கன்னு சொல்ல முடியாது. நீங்க சிட்டிசன்தானே, பின்னாடி மனசு மாறினா மறுபடியும் ஸ்பான்சர் பண்ணலாம். முதல்ல அவங்க எங்க இருக்க ஆசப்படுறாங்கன்னு கேளுங்க.