ரீகாலுக்கு 'ஆணைமீட்பு' சரியா வருமா?

வணக்கம் ஐயா,

ரீகாலுக்கு, அதாவது பதவியில இருக்கறவர ஓட்டுப் போட்டவங்களே பாதியில இறக்கறதுக்கு, நீங்க நேத்து குடுத்த 'திரும்ப அழைத்தல்' ஏற்கனவே புழங்குற சொல்தான், ஆனா ஹைரம் ஜான்சன் கட்டுரைய எழுத உக்காந்தா அது இடிச்சுக்கிட்டே இருக்கு.

அவர் 1911லேர்ந்து 1917 வரைக்கும் கலிபோர்னியா ஆளுநர், நம்மூர் மாதிரி நியமனம் இல்ல, ஓட்டு வாங்கி வந்தவர். அப்போ அந்த மாநில அரசியலையே சதர்ன் பசிபிக் ரயில்வே கம்பெனி கையில வெச்சிருந்துச்சு, அவரோட அப்பா குரோவ் ஜான்சனே கம்பெனி பக்கம் நின்ன அரசியல்வாதி. மகன் வக்கீல். 1908ல சான் பிரான்சிஸ்கோ லஞ்ச வழக்குல அரசு வக்கீல் ஹெனிய கோர்ட்டுக்குள்ளயே சுட்டுட்டாங்க, அவர் பிழைச்சுக்கிட்டார், ஆனா வழக்க எடுத்து நடத்தி அந்த ஊர் அரசியல ஆட்டிவெச்ச ஏப் ரூஃபுக்கு தண்டனை வாங்கிக் குடுத்தது ஜான்சன்தான். கம்பெனிய அரசியல்லேர்ந்து விரட்டுவேன்னு சொல்லியே 1910ல ஜெயிச்சார்.

அடுத்த வருஷம் அக்டோபர் 10, அரசியலமைப்புத் திருத்தம் மட்டும் 23 ஓட்டுக்கு வந்துச்சு, பெண்களுக்கு ஓட்டுரிமை, ரீகால் ரெண்டும் அதுலதான் பாஸாச்சு. பதவியில இருக்கறவர் வேணாம்னா ஜனங்க கையெழுத்து திரட்டி, காலம் முடியறதுக்கு முன்னாடியே ஓட்டுப் போட்டு இறக்கிடலாம், குற்றம் நிரூபிக்கணும்னு இல்ல. 2003ல கிரே டேவிஸ் ஆளுநர் பதவி போனது இப்படித்தான், அதே தேர்தல்லயே ஆர்னால்ட் வந்துட்டார்.

அதனால 'பதவி நீக்கம்' ஆகாது, அது சட்டசபை விசாரிச்சு பண்றது. 'திரும்ப அழைத்தல்' தூதர கூப்பிட்டுக்கற மாதிரி இருக்கு, பழுதான கார கம்பெனி திரும்ப வாங்கறதுக்கும் அதையே எழுதறோம். தேர்தல் முடிஞ்சா 'மக்கள் ஆணை'ன்னு சொல்றோம்ல, குடுத்த ஆணைய எடுத்துக்கறது ஆணைமீட்பு. என்ன சொல்றீங்க?

///

தம்பி, தூதர் உவமையில தப்பு இல்லயே, அனுப்பினவன் கூப்பிடறான், சட்டசபைக்கு அனுப்பினவங்களும் அப்படித்தான். 'மீட்பு'ன்னா எனக்கு அடகு நகைதான் ஞாபகம் வருது. அந்த சொல்தான் வேணும்னா 'மக்கள்மீட்பு'ன்னு வெக்கலாமே, படிச்ச உடனே புரியும்.

///

அடகு நகை நல்லாவே பொருந்துது ஐயா, நம்ம பொருள், கொஞ்ச காலம் இன்னொருத்தர் கையில இருக்கு. அனுப்பினவன்ங்கறது சட்டசபை உறுப்பினருக்கு சரி, ஆனா 1911 திருத்தத்துல நீதிபதிங்களும் வர்றாங்க, அவங்கள யாரும் எங்கயும் அனுப்பல, ஓட்டு வாங்கி உக்காந்தவங்க. 'மக்கள்'னு போட எனக்கு மனசு வரல. 1913ல இதே ஜான்சன் கையெழுத்துப் போட்ட சட்டம், ஜப்பான்லேர்ந்து குடியேறினவங்க விவசாய நிலம் வாங்க முடியாம பண்ணுச்சு, அவங்களுக்கு குடியுரிமையே கிடைக்காது, ஓட்டும் கிடையாது, ஊர் பூரா உழைச்சும் அந்த 'மக்கள்'ல அவங்க இல்ல. ஓட்டுப் போட்டவன்தான் ஆணை குடுத்தான், அவன்தான் மீட்கறான், சொல்லும் அவ்வளவுதான் சொல்லணும்.

கட்டுரையில ஆணைமீட்புன்னே போடறேன், முதல் தடவை வர்ற இடத்துல மட்டும் பக்கத்துல ரீகால்னு எழுதிடறேன்.