அம்மிணிக்கு உளவியல் படிக்கணுமாம்: பிளஸ் ஒன்ல எந்த குரூப் போடறது?

தென்னந்தோப்பு_கொழிஞ்சாம்பாறை

எல்லாருக்கும் வணக்கமுங்க. எம் பொண்ணு தமிழ் மீடியத்துல எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சிருக்கா. மார்க்கு நல்ல மார்க்குதான். டிகிரிக்கு உளவியல்தான் படிப்பேன்னு ஒரே புடியா நிக்கறா. எங்கப்பா கடைசி ரெண்டு வருசம் எங்க யாரையும் அடையாளம் தெரியாம இருந்தாரு. அவதான் பக்கத்துல இருந்து சோறு ஊட்டுனா. பேத்தி பேரு மறந்துபோச்சு, ஆனா ஏத்தம் இறைக்கறப்ப பாடுன பாட்டு மட்டும் அடி பிசகாம வந்துது. "அது எப்படிப்பா?"ன்னு அன்னைக்குக் கேட்டா. எனக்குப் பதில் தெரியல. அங்க புடிச்சதுதான் இந்த ஆசை.

இப்ப ஏகஜாலகத்துல, அதாவது கேரளாவுல பிளஸ் ஒன் சேர்க்கைக்கான ஒற்றைச் சாளர முறையில, ஆப்ஷன் குடுக்கணும். பக்கத்துப் பள்ளியில பயோ சயன்ஸ் இருக்குது. உளவியல் இருக்கற ஹ்யூமானிட்டீஸ் வேணும்னா ரெண்டு பஸ் மாறணும். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சித்தூர்_டீச்சர்

ரெண்டு பஸ் மாறினாலும் பரவாயில்லை, ஹ்யூமானிட்டீஸ் போடுங்கள். நான் மேல்நிலைப் பள்ளியில் நெடுங்காலம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். உளவியல் என்றால் அடுத்தவர் மனசைப் படிப்பது என்று நினைத்துக்கொண்டு டிகிரிக்குப் போய், முதல் செமஸ்டரிலேயே திகைத்து நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பதினாறு வயதிலேயே பாடத்தைத் தொட்டுப் பார்த்தால், அது நமக்கு ஆகுமா ஆகாதா என்று தெரிந்துவிடும். நினைவு, கற்றல், ஊக்கம், உணர்ச்சி எல்லாம் மேல்நிலை உளவியலிலேயே வருகிறது. கூடவே சமூகவியல் இருந்தால் இன்னும் நல்லது. மனிதனை வீட்டிலிருந்தும் சாதியிலிருந்தும் பிரித்து வைத்துப் படிக்க முடியாது.

கோவை_வார்டு

அண்ணா, நான் கோயம்புத்தூர்ல மனநலப் பிரிவுல நர்ஸ். டீச்சர் சொன்னதை நான் ஒத்துக்கமாட்டேன். உங்க பொண்ணு கேட்ட கேள்வியையே எடுத்துக்குங்க. அது மூளையைப் பத்தின கேள்வி. ஞாபகம் அழியற அல்சைமர் நோய்ல முதல்ல அடி வாங்கற இடங்கள்ல ஹிப்போகேம்பஸ்ங்கற மூளைப் பகுதியும் ஒண்ணு. புதுசா நடக்கறதைப் பதிஞ்சு வைக்கறதுக்கு அது வேணும். அதனாலதான் காலையில சாப்பிட்டது மறக்குது. கை பழகின வேலை, வாய் பழகின பாட்டு இதெல்லாம் மூளையில வேற வழியில பதியறதால ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கும். தாத்தாவுக்கு நடந்தது அதுவா இருக்கலாம். இதுக்குப் பதில் உயிரியல்லதான் ஆரம்பிக்குது.

இன்னொண்ணு. நாளைக்கு அவ மனசு மாறி மனநல மருத்துவர் ஆகணும்னு சொன்னா, நீட் எழுத இயற்பியல், வேதியியல், உயிரியல் மூணும் வேணும். ஹ்யூமானிட்டீஸ் எடுத்தா அந்தக் கதவு இன்னைக்கே சாத்தியாச்சு.

தென்னந்தோப்பு_கொழிஞ்சாம்பாறை

ரெண்டும் ஒண்ணுன்னுல்ல நெனைச்சுட்டு இருந்தேன் தங்கச்சி.

கோவை_வார்டு

இல்லைங்கண்ணா. சைக்கியாட்ரிஸ்ட்னா எம்.பி.பி.எஸ். முடிச்சு அதுக்கு மேல மனநல மருத்துவம் படிச்சவங்க, மருந்து எழுதுவாங்க. உளவியலாளர் பேச்சு, பயிற்சி, சோதனைகள் மூலமா வேலை செய்வாங்க. அதுலயும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு போர்டு மாட்ட வெறும் டிகிரி பத்தாது, எம்.ஏ. கூடப் பத்தாது. இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல பதிவு வேணும், 1992 சட்டம் அது. இத்தனை காலமா அதுக்கு எம்.ஏ.வுக்கு மேல ரெண்டு வருச எம்.பில். படிச்சாங்க. இப்ப அந்தப் பாதை மாறிட்டு இருக்கு, நாலு வருச கிளினிக்கல் சைக்காலஜி இளநிலைப் படிப்பையே கொண்டு வந்திருக்காங்க. பொண்ணு டிகிரிக்குப் போற நேரத்துல என்ன விதின்னு அப்பவும் ஒரு தடவை பாத்துக்குங்க.

பொள்ளாச்சி_ரோடு

எதுக்கு இவ்வளவு யோசனை மச்சான்? எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டுக்கு வந்து காமர்ஸ் சேத்து விடுங்க. டிகிரியும் காமர்ஸே படிக்கட்டும், உளவியலைத் தபால்ல பண்ணிக்கலாம்.

வாளையார்_காற்று

அந்த வழி இப்ப இல்லைங்க. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையில இருந்து உளவியலைத் தொலைநிலையிலயோ ஆன்லைன்லயோ நடத்தக் கூடாதுன்னு பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) சொல்லிட்டாங்க. 2021ல வந்த துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்துக்குள்ள உளவியலும் வருது, அதுதான் காரணம். "அப்புறம் தபால்ல பாத்துக்கலாம்"னு யாரும் புள்ளையை அனுப்பிடாதீங்க.

நான் உளவியல்ல எம்.எஸ்சி. முடிச்சு ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருக்கேன். டீச்சரும் நர்ஸ் அக்காவும் சண்டை போடற இடத்துலயே முக்கியமானதை விட்டுட்டாங்க. கணக்கு. என்கூட டிகிரி படிச்சவங்க தடுக்கி விழுந்தது மூளையிலயும் இல்ல, மனசுலயும் இல்ல, புள்ளியியல்ல.

ஒரு உதாரணம் சொல்றேன் அண்ணா. அஞ்சு நாள்ல ஒருத்தர் தூங்கின நேரம் 2, 4, 6, 8, 10 மணி. இன்னொருத்தர் 5, 6, 6, 6, 7. சராசரி பாத்தீங்கன்னா ரெண்டு பேருக்கும் 6தான். சராசரியை மட்டும் பாக்கறவன் ரெண்டு பேரும் ஒண்ணுன்னு எழுதிட்டுப் போயிடுவான். திட்டவிலக்கம், அதாவது சராசரியில இருந்து எவ்வளவு சிதறிக் கிடக்குதுங்கற அளவு, போட்டா முதல் ஆளுக்கு 2.83, ரெண்டாவது ஆளுக்கு 0.63. முதல் ஆளோட ராத்திரி குலைஞ்சு கிடக்குதுன்னு அந்த நம்பர்தான் காட்டிக் குடுக்குது. இது புரியாம ஒருத்தர் எப்படி உளவியல் படிப்பாரு?

லேபும் அப்படித்தான். முல்லர்-லையர்னு ஒரு சோதனை. ஒரே நீளத்துல ரெண்டு கோடு, ஒண்ணுக்கு அம்புமுனை உள்பக்கமா மடங்கி இருக்கும், இன்னொண்ணுக்கு வெளிப்பக்கமா விரிஞ்சிருக்கும். விரிஞ்சது நீளமாத் தெரியும். பலகையில ஒரு கோட்டை இழுத்து இழுத்து "இப்ப சமம்"னு எதிர்ல இருக்கறவங்க சொல்ற இடத்துல நிறுத்தி, எத்தனை மில்லிமீட்டர் ஏமாந்தாங்கன்னு பின்பக்க அளவுகோல்ல பாத்து எழுதணும். ஒருத்தருக்கே 20 தடவை. அப்புறம் சராசரிப் பிழை, திட்டவிலக்கம். நாள் முழுக்க இதே வேலை. எனக்கு அது அவ்வளவு பிடிச்சுது. கூட இருந்த ரெண்டு பேர் அந்த வருசமே வேற பாடத்துக்கு மாறிட்டாங்க.

சித்தூர்_டீச்சர்

தம்பி, இப்போதெல்லாம் கணக்கைக் கம்ப்யூட்டரே போட்டுவிடுகிறது. திட்டவிலக்கம் படிக்கப் பன்னிரண்டாம் வகுப்பு நுண்கணிதம் எதற்கு? பொருளாதாரப் பாடத்திலேயே புள்ளியியல் வருகிறதே.

வாளையார்_காற்று

கம்ப்யூட்டர் கணக்குப் போடும் டீச்சர். எந்தக் கணக்கைப் போடணும்னு அது சொல்லாது. பொருளாதாரத்துல புள்ளியியல் வருதுன்னு நீங்க சொல்றது சரிதான், அதை நான் மறந்துட்டேன். ஆனா நம்ம பக்கம் பயோ சயன்ஸ்னா பெரும்பாலும் கணக்கும் சேர்ந்தே வரும். அந்த ஒரு காரணத்துக்காக நான் அக்கா பக்கம்.

சித்தூர்_டீச்சர்

ஒன்றை மனசில் வைத்துக்கொண்டு பேசுகிறேன். என் வகுப்பில் ஒரு பெண், உளவியல்தான் வேண்டும் என்றாள். வீட்டில் "எதற்கும் உதவும்" என்று பயோ சயன்ஸில் சேர்த்தார்கள். இயற்பியலும் கணக்கும் அவளை அடித்துப் போட்டன. டிகிரி சேர்க்கைக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணைத்தானே பார்க்கிறார்கள்? நல்ல கல்லூரி எதுவும் கிடைக்கவில்லை. கடைசியில் அவள் உளவியலே படிக்கவில்லை. கதவு திறந்திருக்கட்டும் என்று சொல்லிச் சொல்லியே அவள் போக நினைத்த கதவை அடைத்துவிட்டோம். பல கல்லூரிகளில் எந்தப் பிரிவில் படித்தவரையும் உளவியலுக்கு எடுக்கிறார்கள். சில இடங்களில் பி.எஸ்சி.க்கு அறிவியல் கேட்கிறார்கள், அதை ப்ராஸ்பெக்டஸில் பார்த்துக்கொள்ளலாம். குழந்தைக்கு இயற்பியல் வருமா என்று இங்கே ஒருவராவது கேட்டீர்களா?

கோவை_வார்டு

கேக்காதது தப்புத்தான் டீச்சர்.

மூணாறு_லயம்

நான் தோட்டத் தொழிலாளிகள் மத்தியில கவுன்சலிங் வேலை பாக்கறேன். நானும் லயத்துல, அந்தத் தொழிலாளிகளோட வரிசை வீடுகள்ல, பொறந்து வளந்தவதான். யாரும் மொழியைப் பத்திப் பேசலையேன்னு எழுதறேன்.

நம்ம மாதிரி எல்லையில இருக்கறவங்களுக்கு ரெண்டு மொழி காதுல விழுந்துட்டே இருக்கும், ரெண்டும் தெரியும்னு நெனைச்சுக்குவோம். மலையாளத்துல ஒருத்தர் "எனிக்கு விஷமமாணு"ன்னா மனசு நொந்து கிடக்காருன்னு அர்த்தம். நம்ம ஊர்ல விஷமம்னா குறும்பு. "மடி"ன்னா அவங்களுக்கு எதுலயும் கை வைக்கத் தோணாத சோம்பல், நமக்கு அம்மா மடி. "பேடி"ன்னா அவங்களுக்கு பயம், நம்மகிட்ட அது வசவு. துக்கம், ஆர்வம் குறையறது, பயம். நாங்க முதல்ல கேக்கற மூணும் இதுதான், மூணுலயும் மொழி காலை வாரி விடும்.

ஒரு அம்மா "நெஞ்சு அடைக்குது, சோறு எறங்க மாட்டேங்குது"ன்னு ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. ஈ.சி.ஜி. எடுத்து ஒண்ணும் இல்லைன்னு அனுப்பிட்டாங்க. ரெண்டு தடவை. என்கிட்ட வந்தப்ப நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு, "எப்ப இருந்துக்கா?" வீட்டுக்காரர் செத்து மூணு மாசம்னாங்க. இதயத்தைப் பாக்க வேண்டியது அவசியம்தான், அதைக் குறை சொல்லல. ஆனா "நெஞ்சு அடைக்குது"ங்கறதுக்கு இன்னொரு அர்த்தம் இருக்குன்னு தெரிஞ்சவங்க அங்க யாரும் இல்ல.

அதனால எந்த குரூப் போட்டாலும் ரெண்டாம் மொழியா தமிழை வச்சுக்கச் சொல்லுங்க. மார்க்குக்காக மாத்தாதீங்க. மலையாளத்தையும் பேச்சோட விடாம வாசிக்கப் பழகட்டும். இங்கிலீஷ் எப்படியும் வேணும், டிகிரிப் புத்தகம் முக்காவாசி அதுலதான் இருக்கும்.

சித்தூர்_டீச்சர்

இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். மொழிப் பாடத்தை யாரும் பாடமாகவே நினைப்பதில்லை.

வாளையார்_காற்று

இன்னொரு வழி இருக்குங்கண்ணா. ஏகஜாலகப் பட்டியல்ல இயற்பியல், வேதியியல், உயிரியல், உளவியல்னு ஒரு சேர்க்கையும் உண்டு. டீச்சரும் அக்காவும் கேக்கறது ரெண்டும் அதுல இருக்குது, கணக்கு மட்டும்தான் இல்ல. ஆனா அந்த சேர்க்கை வச்சிருக்கற பள்ளிக ரொம்பக் கம்மி. உங்களுக்குப் போற தூரத்துல இருக்குதான்னு பாருங்க.

தென்னந்தோப்பு_கொழிஞ்சாம்பாறை

பாத்தேன் தம்பி. போய் வர்ற தூரத்துல இல்லீங்க.

நேத்து ராத்திரி இங்க எழுதினது பூராத்தையும் அவகிட்ட வாசிச்சுக் காட்டுனேன். டீச்சரம்மா கேட்டாங்களேன்னு "உனக்கு பிசிக்ஸ் வருமா?"ன்னு கேட்டேன். "வரும், புடிக்காது"ன்னா. தம்பி போட்ட தூக்கக் கணக்கை அவளே ஒரு பேப்பர்ல போட்டுப் பாத்தா. மொதல்ல வேற விடை வந்துது. ஐஞ்சால வகுக்காம விட்டுட்டாளாம். மறுக்கா போட்டா 2.83 வந்துருச்சு. அப்பறம் அந்த ரெண்டு வரிசையையும் பாத்துட்டே ரொம்ப நேரம் உக்காந்திருந்தா. "தாத்தாவும் மொத ஆளு மாதிரித்தாம்ப்பா தூங்குனாரு, எழுதி வச்சிருக்கணும்"ன்னா. எனக்கு ஒண்ணும் பேச முடியல.

பயோ சயன்ஸை மொதல் ஆப்ஷனா போட்டிருக்கா, ஹ்யூமானிட்டீஸ் ரெண்டாவது. ரெண்டாம் மொழி தமிழ்.

சித்தூர்_டீச்சர்

பிடிக்காது என்று அவளே சொல்லியிருக்கிறாள். அதனால் வரிசையை மாற்றுங்கள் என்றுதான் இப்போதும் சொல்வேன். இருந்தாலும் முடிவு அவளுடையது. ஒன்று மட்டும் செய்யுங்கள். என்.சி.இ.ஆர்.டி.யின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு உளவியல் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. வகுப்பு தொடங்கும் முன் நினைவு பற்றிய பாடத்தை வாசிக்கட்டும். இங்கிலீஷில் தடுக்கும் இடத்தையெல்லாம் குறித்து வைத்து என்னைக் கேட்கட்டும், நான் வீட்டில்தான் இருக்கிறேன். ட்ரயல் அலாட்மெண்ட், அதாவது முன்னோட்ட இட ஒதுக்கீடு, வந்ததும் இங்கே எழுதுங்கள். அதன் பிறகும் ஆப்ஷனைத் திருத்த நாள் கொடுப்பார்கள்.