25 வீதத்துக்கு 3 ஆசனமா?

கேள்வி: கணக்கு இடிக்கிறது
2024 நவம்பர் 14 பொதுத் தேர்தல் முடிவுகளை இப்போதுதான் ஆறுதலாக இருந்து பார்த்தேன். யாழ்ப்பாண மாவட்டத்தில் தேசிய மக்கள் சக்திக்கு விழுந்தது 25 வீதம்கூட இல்லை. ஆனால் 6 ஆசனத்தில் 3 அவர்களுக்கு. வந்தவர்களும் நாடாளுமன்றத்துக்குப் புது முகங்கள். கேட்டால் அப்பா 'அலை' என்கிறார். யாராவது விளங்கப்படுத்துவீர்களா?

பதில் 1
போனஸ் தம்பி. மாவட்டத்தில் முதலாவதாக வரும் கட்சிக்கு ஓர் ஆசனம் சும்மா கிடைக்கும்.

கேள்வி கேட்டவர்
அதைக் கழித்தாலும் 5இல் 2 வருகிறதே அண்ணா?

பதில் 2: பென்சன் வாத்தியார்
கணிதம் படிப்பித்தவன் என்பதால் வாய் சும்மா இருக்காது. கடதாசி எடுங்கள். 5 வீதத்துக்குக் குறைந்தவர்களைக் கழித்து, மிச்ச வாக்குகளை 5ஆல் பிரித்தால் ஓர் ஆசனத்துக்குக் கிட்டத்தட்ட 48 ஆயிரம். திசைகாட்டிச் சின்னத்துத் தேசிய மக்கள் சக்திக்கு 80 ஆயிரத்துச் சொச்சம்: ஒன்று போக மிச்சம் 32 ஆயிரம். வீட்டுச் சின்னத்துத் தமிழரசுக் கட்சிக்கு 63 ஆயிரம்: ஒன்று போக மிச்சம் 15 ஆயிரம். சைக்கிள் சின்னத்துத் தமிழ்க் காங்கிரஸும் 17ஆம் இலக்கச் சுயேச்சைக் குழுவும் ஆளுக்கு 28 ஆயிரத்தைத் தொடவில்லை. மீதி 3 ஆசனமும் மிச்சம் கூடினவர்களுக்கு. திசைகாட்டிக்கு இன்னொன்று, சைக்கிளுக்கு ஒன்று, சுயேச்சைக்கு ஒன்று. சரியா?

இனி என் ஆதங்கம். சங்குச் சின்னத்து ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணிக்கு 22 ஆயிரம் விழுந்தது. அந்தக் கூட்டணியில் சில கட்சிகள் 2020இல் வீட்டோடு நின்றவைதான். இந்த முறையும் சேர்ந்து நின்றிருந்தால் 85 ஆயிரம், போனஸும் இந்தப் பக்கம். 6 பேரைத் தெரிவுசெய்ய 396 வேட்பாளர்! வாக்குச்சீட்டை விரித்துவிட்டு, 44 வரிசையில் என்னுடையதைத் தேட மூக்குக்கண்ணாடியை இரண்டு தரம் துடைத்தேன்.

பதில் 3
சேர், கூட்டல் சரி. ஆனால் சேர்ந்து நின்றிருந்தால் அந்த 85 ஆயிரமும் அப்படியே விழுந்திருக்கும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? என் அம்மா வீட்டைத் தவிர வேறெதற்கும் புள்ளடி போட்டதில்லை. இந்த முறை திசைகாட்டி. ஏன் என்றதற்கு, "மற்ற ஆக்களை எல்லாம் பார்த்தாச்சு" என்றார். நாடு முழுக்க 3 ஆசனத்தோடு இருந்த திசைகாட்டிக்காரர் இந்த முறை 159 எடுத்திருக்கிறார்கள், 22 தேர்தல் மாவட்டத்தில் மட்டக்களப்பு மட்டும்தான் அவர்களிடமிருந்து தப்பியது. அங்கெல்லாம் சங்கா வாக்கைப் பிரித்தது?

பதில் 2: பென்சன் வாத்தியார்
அம்மா சொன்னது நியாயம், பிள்ளை. ஆனாலும் அந்த மூன்றாவது ஆசனம் எங்கள் ஆட்கள் தூக்கிக் கொடுத்ததுதான்.

கேள்வி கேட்டவர்
நன்றி சேர். அப்பாவிடம் கடதாசியைக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "அலைதான்" என்றார்.